நெட் வராத லேபில் பத்தாம் வகுப்புக் கணக்கு: ஜியோஜீப்ராவா, டெஸ்மோஸா?

மலையடிவாரக் கணக்கு (ஒடுகத்தூர் பக்கம்)

9, 10 வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர். லேபில் 10 கணினி, விண்டோஸ், 4 ஜிபி ரேம். ஒரு பிரிவுக்கு 38 பேர், பீரியடு 40 நிமிடம். நெட் இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். மலைப்பக்கம் மேகம் கருத்தாலே போய்விடும். பாடப்புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று கியூஆர் குறி போட்டு ஜியோஜீப்ரா (வடிவியல் படமும் வரைபடமும் வரையும் கணினி நிரல்) பக்கங்கள் கொடுத்திருக்கிறார்களே, அதைத் திறந்தால் பாதி நாள் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

என் சந்தேகங்கள்: நெட் இல்லாமல் ஓடக்கூடியது எது? ஜியோஜீப்ராவில் சைன் 30 என்று அடித்தால் −0.99 என்று காட்டுகிறது. ‘அரைதானே மிஸ் வரணும்’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வட்டம் வரைந்தால் புரொஜெக்டரில் முட்டை மாதிரி தெரிகிறது. செய்முறை வடிவியல் முக்கோணத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்தால், ஒரு பையன் புள்ளியைப் பிடித்து இழுத்ததும் மொத்தமும் கலைந்துவிடுகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு டெஸ்மோஸ் என்ற இன்னொரு வரைபட நிரலுக்குப் போய்விடலாமா?

ஃபோனில் தமிழ் விசைப்பலகைதான். எழுத்து மாற்றி மாற்றி அடிக்க முடியாது, அதனால் எக்ஸ், ஒய் எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் படிக்கச் சுலபம்.

---

பாலாற்று மணல்

டீச்சர், முதலில் நெட்டைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஜியோஜீப்ராவை உலாவியில் திறக்காமல் கணினியில் நிறுவிக்கொண்டால் அப்புறம் நெட் வேண்டியதில்லை. கிளாசிக் 5, கிளாசிக் 6 என்று இரண்டு இருக்கும். 6 பார்க்க அழகு, ஆனால் உள்ளே ஒரு உலாவியையே சுமந்துகொண்டு வருவதால் 4 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும். 5 என்பது ஜாவாவில் எழுதிய பழைய நிரல். தோற்றம் பழசு, ஓட்டம் லேசு. உங்கள் லேபுக்கு 5 போதும். நல்ல நெட் உள்ள இடத்தில் நிறுவல் கோப்பை ஒரே முறை இறக்கி, பென் டிரைவில் போட்டுப் பத்திலும் ஏற்றுங்கள். பத்திலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். 5-இல் கட்டளை அடிக்கும் பெட்டி அடியில் இருக்கும், 6-இல் இடப்பக்கம் இருக்கும். இரண்டும் கலந்திருந்தால் ‘எனக்கு அங்க இல்ல மிஸ்’ என்பதிலேயே பீரியடு முடிந்துவிடும்.

கியூஆர் பக்கங்களை வகுப்பு நேரத்தில் திறக்காதீர்கள். முந்தின நாளே வீட்டிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து, ஜிஜிபி (ஜியோஜீப்ராவின் சொந்தக் கோப்பு வகை) கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவிய ஜியோஜீப்ராவில் அது அப்படியே திறக்கும்.

டெஸ்மோஸ் கணினியில் உலாவி வழியாகத்தான், அதனால் உங்கள் லேபுக்கு அது தினசரி ஆயுதம் ஆகாது. ஆண்ட்ராய்டு செயலி நெட் இல்லாமலும் ஓடும். உங்கள் ஃபோனைப் புரொஜெக்டரில் காட்ட வழி இருந்தால் வரைபடம் நடத்த மிக வேகமானது. 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு ஃபெட் என்ற ஊடாட்டச் செயல்விளக்கங்களைப் பாருங்கள், கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்துடையது. பின்னம், பரப்பு மாதிரி, நேர்கோட்டு வரைபடம் என்று ஒவ்வொன்றும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். பென் டிரைவில் போட்டு இரட்டைக் கிளிக் செய்தால் உலாவியில் திறந்துவிடும், நெட் கேட்காது. எங்காவது பழைய சிடியில் ஃப்ளாஷ் கணக்கு விளையாட்டுகள் இருந்தால் அதில் நேரம் செலவழிக்காதீர்கள். ஃப்ளாஷை அடோபி 2020 கடைசியோடு நிறுத்திவிட்டது.

இப்போது −0.99. நிரல் தப்பு செய்யவில்லை. வெறும் 30 என்று கொடுத்தால் அதை 30 ரேடியன் (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) என்று எடுத்துக்கொள்கிறது. 30 ரேடியனின் சைன் −0.988, இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கி −0.99. பாகைக் குறி சேர்த்து 30° என்று அடித்தால் 0.5 வந்துவிடும். விசைப்பலகையில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஆங்கில ஓ எழுத்தைத் தட்டினால் அந்தச் சின்னக் குறி விழும். டெஸ்மோஸிலும் தொடக்கத்தில் ரேடியன்தான். அங்கே வலப்பக்க ஸ்பானர் குறியைத் தட்டி டிகிரி என்று மாற்றினால் அந்த வரைபடம் முழுவதுக்கும் மாறும். ஜியோஜீப்ராவில் ஒவ்வொரு இடத்திலும் குறி போட வேண்டும், மறந்தால் எச்சரிக்கை எதுவும் வராது. அதனால்தான் இது மோசமான தவறு. 30-க்கு −0.99 என்றால் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். 45-க்கு 0.85 வரும். ‘0.71 இல்லையே’ என்று யார் கவனிக்கப் போகிறார்கள்?

சைன் வரைபடம் வேண்டுமென்றால் சைன்(எக்ஸ்°) என்று அடியுங்கள். அடித்ததும் எக்ஸ் அச்சின் மேல் ஒரு தட்டைக் கோடுதான் தெரியும், பயப்பட வேண்டாம். குறுக்கே 360 அலகு, நெடுக்கே 1 அலகு, இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் என்றால் வேறு எப்படித் தெரியும்? ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எக்ஸ் அச்சைப் பிடித்து உள்பக்கமாக இழுத்தால் சுருங்கி அலை எழும்பும்.

இதே வேலைதான் உங்கள் முட்டை வட்டத்துக்கும் காரணமாக இருக்கலாம். யாரோ அச்சை இழுத்துவிட்டிருப்பார்கள். வெற்றிடத்தில் வலக்கிளிக் செய்து எக்ஸ், ஒய் அச்சு விகிதத்தை 1:1 ஆக்குங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை: கணினித் திரையில் வட்டம் உருண்டையாக இருந்து சுவரில் மட்டும் நீண்டிருந்தால் ஜியோஜீப்ராவைத் தொடவே தொடாதீர்கள். 16:9 திரையை 4:3 புரொஜெக்டர் இழுத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். புரொஜெக்டர் மெனுவில் திரை விகிதத்தை மாற்ற வேண்டும். மேசை மேல் சாய்த்து வைத்திருந்தால் மேல் பக்கம் அகன்று கீழ்ப் பக்கம் குறுகும், அது வேறு கோளாறு. அச்சு விகிதம் கலைந்த திரையில் செங்குத்துக் கோடுகள்கூடச் செங்குத்தாகத் தெரியாது. வடிவியல் நடத்துவதற்கு முன் ஒரு வட்டம் வரைந்து பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

---

குடியாத்தம் கவராயம்

வடிவியல் கேள்விக்கு நான் வருகிறேன். கலைந்துபோகிறது என்றால் அது வரைந்த படம், அமைத்த படம் இல்லை. புள்ளியைக் கண்ணால் பார்த்து ‘இங்கே 50 பாகை வரும்’ என்று வைத்தால் அது தனிப் புள்ளி. இழுத்தால் போகத்தான் செய்யும். ஜியோஜீப்ராவில் தனிப் புள்ளி நீலத்தில் இருக்கும், மற்றவற்றைச் சார்ந்து பிறந்த புள்ளி கறுப்பாக இருக்கும். கடைசி உச்சி நீலமாக இருந்தால் படம் தப்பு, அவ்வளவுதான். பிள்ளைகள் படத்தைத் திருத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். அடிப்பக்கம் பிக்யூ = 6 செமீ, உச்சிக்கோணம் ஆர் = 50°, ஆரிலிருந்து வரும் நடுக்கோடு ஆர்ஜி = 5 செமீ. நோட்டில் செய்யும் அதே வரிசையில் கட்டளைப் பெட்டியில் செய்யுங்கள்.

பி = (0,0), க்யூ = (6,0). பெரிய எழுத்தில் பெயர் வைக்க வேண்டும். சின்ன எழுத்தில் வைத்தால் ஜியோஜீப்ரா அதைப் புள்ளியாக எடுக்காது, திசையனாக எடுத்து ஆதியிலிருந்து ஒரு அம்பு போட்டுவிடும். லேபில் பாதிப் பேருக்கு அம்பு வருவது இதனால்தான்.

அடுத்து, பியை மையமாக வைத்துக் க்யூவை −50° சுழற்றினால் கீழ்ப்பக்கம் இ கிடைக்கும். கழித்தல் குறி கடிகாரச் சுற்றுக்கு. இங்கேயும் பாகைக் குறியை விட்டால் 50 ரேடியன் ஆகிவிடும். அது ஏழு முழுச் சுற்றும் 344.8 பாகையும், கழித்தல் குறியோடு சேர்ந்து கோடு அடிப்பக்கத்துக்கு மேலே சுமார் 15 பாகையில் போய் நிற்கும். பிள்ளை ‘நான் 50தான் போட்டேன்’ என்று சாதிப்பான். அவன் சொல்வதும் உண்மைதான்.

பிஇ கோடு போட்டு, பியில் அதற்குச் செங்குத்துக் கோடு. பிக்யூவுக்கு மையக்குத்துக்கோடு. இரண்டும் வெட்டும் இடம் ஓ. மையக்குத்துக்கோடு பிக்யூவை வெட்டும் இடம் ஜி. ஓவை மையமாக வைத்துப் பி வழியே வட்டம். ஜியை மையமாக வைத்து ஆரம் 5 உள்ள இன்னொரு வட்டம். இரண்டு வட்டமும் வெட்டும் இடங்கள் ஆர், எஸ். முக்கோணம் தயார், கோணம் அளந்தால் 50° காட்டும். பிஇ ஏன் தொடுகோடு, கோணம் ஏன் எதிர்ப்பக்கம் போய் உட்காருகிறது என்பதற்கு மாற்று வட்டத்துண்டுத் தேற்றத்தை இங்கேயே சொல்லிவிடலாம்.

இதுவரை நோட்டில் செய்ததுதான். இனிமேல்தான் கருவிக்கு வேலை. ஆரம் 5 என்று போட்ட இடத்தில் எம் என்று ஒரு ஸ்லைடர் (இழுத்தால் எண் மாறும் பட்டை) வையுங்கள், 1 முதல் 7 வரை. எம்மை 5-லிருந்து மெல்ல ஏற்றினால் ஆரும் எஸ்ஸும் மேலே நெருங்கி நெருங்கி வந்து, 6.43 தாண்டியதும் இரண்டும் காணாமல் போகும். அதற்கு மேல் அப்படி ஒரு முக்கோணமே கிடையாது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்: வட்டத்தின் ஆரம் 3 ÷ சைன் 50° = 3.92, ஓ இருப்பது ஜிக்கு மேல் 3 ÷ டேன் 50° = 2.52 உயரத்தில், இரண்டையும் கூட்டுங்கள்.

இப்போது எம்மை இறக்குங்கள். 3-க்கு வந்ததும் ஆர் போய் க்யூவின் மேலேயே உட்கார்ந்துவிடும். 2.9 ஆக்கினால் ஆரும் எஸ்ஸும் அடிப்பக்கத்துக்குக் கீழே, சிறிய வில்லில் இருக்கும், கோணம் 130° என்று காட்டும். 1.4 வரை அப்படியே போகும். 50-க்கும் 130-க்கும் என்ன உறவு என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நோட்டில் ஒரு கணக்குக்கு அரை மணி நேரம் எடுத்து வரைகிற பிள்ளைக்கு, ‘நடுக்கோடு 7 என்று கொடுத்திருந்தால் என்ன ஆகும்’ என்று கேட்டுப் பார்க்க வேறு வழியே இல்லை.

---

வரைபடத்தாள்

எல்லாம் சரி. தேர்வுக்கூடத்தில் மௌஸ் தருவார்களா? வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16 மதிப்பெண் கவராயத்துக்கும் வரைபடத்தாளுக்கும்தான். சராசரிப் பிள்ளை தேறுவதே இந்த 16-ஐ நம்பித்தான். லேபுக்குப் போகும் நேரத்தில் இன்னும் நாலு கணக்கு நோட்டில் போட வைக்கலாம்.

---

குடியாத்தம் கவராயம்

சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் வரிசையை மாற்றக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். நோட்டில் கவராயத்தால் போட்டு முடித்த கணக்கைத்தான் திரைக்குக் கொண்டுவர வேண்டும். திரையில் பார்த்துவிட்டு நோட்டில் போடச் சொன்னால், கை பழகாது.

இன்னொன்று. ஜியோஜீப்ராவில் பார்வை மெனுவில் அமைப்பு வரிசையைக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. அதோடு படத்தின் கீழே முன், பின் என்று அம்புகள் உள்ள பட்டையையும் வரவழைக்கலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி. தேர்வில் படத்துக்கு உதவிப்படமும் வரைமுறையும் எழுத வேண்டுமே, அந்த வரைமுறையை எழுத வராத பிள்ளைக்கு இந்த அம்பை ஒவ்வொன்றாகத் தட்டி, ‘இப்போ என்ன நடந்துச்சு, ஒரு வரியில எழுது’ என்று சொல்லலாம். இது நேரடியாக மதிப்பெண்ணுக்கான வேலைதான் சார்.

---

காட்பாடி சந்திப்பு

இன்னொரு 8 மதிப்பெண்ணான வரைபடத்துக்கு என் பங்கு. ஒரு இருபடி வளைவை வரைந்து, அதை வைத்தே வேறொரு இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லும் கணக்கு. பிள்ளைகள் ‘மேல இருந்து கீழ கழி’ என்று இயந்திரம் போலக் கழிப்பார்கள். கழித்தால் ஏன் நேர்கோடு வருகிறது, அது ஏன் விடை சொல்கிறது என்று கேட்டால் தெரியாது. இங்கே டெஸ்மோஸோ ஜியோஜீப்ராவோ, எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 3 என்று வரையுங்கள். தீர்க்க வேண்டியது எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0. கழித்தால் ஒய் = −எக்ஸ் + 3. கோடு வளைவை (3, 0), (−2, 5) என்ற இரண்டு இடத்தில் வெட்டும். மூலங்கள் 3, −2. டெஸ்மோஸில் வளைவைத் தொட்டாலே வெட்டுப்புள்ளிகள் சாம்பல் நிறத்தில் எழும்பும், அதைத் தட்டினால் ஆயத்தொலைவு வரும். ஜியோஜீப்ராவில் வெட்டும் புள்ளிக் கருவியை எடுத்து இரண்டையும் தொட வேண்டும்.

இப்போது 6 என்ற இடத்தில் கே என்று போட்டு ஸ்லைடர் ஆக்குங்கள். சமன்பாடு எக்ஸ்² − எக்ஸ் − கே = 0, கோடு ஒய் = −எக்ஸ் + கே − 3. கேவை நகர்த்தினால் வளைவு அசையாது, கோடு மட்டும் சாய்வு மாறாமல் ஏறி இறங்கும். பார்த்ததுமே புரியும்: வளைவை ஒரு முறை வரைந்துவிட்டால் எத்தனை சமன்பாட்டையும் அதை வைத்தே தீர்க்கலாம், கோடு மட்டும்தான் மாறுகிறது. சாய்வு ஏன் மாறவில்லை என்று கேளுங்கள். எக்ஸின் கெழுவை நாம் தொடவில்லை, அதனால்தான்.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஜியோஜீப்ரா தானாகப் போடும் ஸ்லைடர் −5 முதல் 5 வரை, 0.1 தாவல். நம் கே 6, எல்லைக்கு வெளியே. அதனால் எல்லையை −2 முதல் 8 வரை என்று மாற்றுங்கள். இரண்டாவது பொறிதான் பெரியது. கோடு வளைவைத் தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தைக் காட்ட வேண்டும் என்று ஸ்லைடரை இறக்குவீர்கள். −0.2-இல் இரண்டு வெட்டுப்புள்ளி, 0.28, 0.72 என்று. அடுத்த தாவல் −0.3, அங்கே ஒன்றுமே இல்லை. ‘சமமான மூலம்னு ஒன்னு சொன்னீங்களே மிஸ், வரவே இல்லையே?’ தன்மைகாட்டி 1 + 4கே; அது பூச்சியம் ஆவது கே = −0.25-இல். 0.1 தாவல் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. தாவலை 0.05 ஆக்குங்கள், கோடு (0.5, −3.75)-இல் சரியாகத் தொடும். எனக்குக் கேட்டால் தாவலை முதலில் 0.1-லேயே விட்டுவையுங்கள். காணாமல் போன இடம் எது என்று தன்மைகாட்டியை வைத்து நோட்டில் கண்டுபிடிக்கச் சொல்லி, அப்புறம் தாவலை மாற்றிக் காட்டுங்கள்.

தொடும் இடத்தில் இரண்டு வெட்டுப்புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து, பெயர்களும் மேல் மேல் விழுந்து குழம்பும். ஒரு புள்ளியின் பெயரை மறைத்துவிடுங்கள். அப்புறம், சமன்பாடு அடிக்கும்போது கெழு எழுத்துக்கும் எக்ஸுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். ஒட்டி அடித்தால் இரண்டெழுத்துப் பெயர் கொண்ட புது மாறி என்று ஜியோஜீப்ரா நினைக்க வாய்ப்பு உண்டு. டெஸ்மோஸில் இந்தத் தொல்லை இல்லை.

38 பேருக்கு 10 கணினி என்றால் நாலு பேருக்கு ஒன்று. ஒருவர் கையில் மௌஸ், மற்ற மூவர் கையில் நோட்டு. மௌஸ்காரர் நகர்த்தும் முன் மற்றவர்கள் ‘என்ன ஆகும்’ என்று எழுதிவிட வேண்டும். 8 நிமிடத்துக்கு ஒருமுறை மௌஸ் கை மாறட்டும், 32 நிமிடத்தில் நாலு பேரும் வந்துவிடுவார்கள். நகர்த்தக் கூடாத புள்ளிகளை முன்கூட்டியே வலக்கிளிக் செய்து நிலைப்படுத்தி வையுங்கள். மூலக் கோப்பு உங்கள் பென் டிரைவில் இருக்கட்டும், கணினியில் நகல் மட்டும்.

---

ஜவ்வாது உச்சி

பத்தாம் வகுப்பு இழையில் பன்னிரண்டை நுழைக்கிறேன், மன்னிக்கவும். பரவளையம் நடத்துகிறவர்கள் யாராவது படித்தால் உதவும். மலைக்காரன், காவலூரை விட்டுக்கொடுக்க முடியாது.

வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி 1986-இல் திறந்தபோது காவலூர் வடாற்காடு மாவட்டத்தில் இருந்தது, இப்போது திருப்பத்தூர். முதன்மை ஆடியின் விட்டம் 2.34 மீட்டர், குவியத் தூரம் அதன் 3.25 மடங்கு. பெருக்கினால் 7.605 மீட்டர். எக்ஸ்² = 4ஏ ஒய் (ஏ என்பது குவியத் தூரம்) என்ற வடிவில் ஒய் = எக்ஸ்² ÷ 30.42. விளிம்பில் எக்ஸ் = 1.17, எனவே ஆழம் 1.3689 ÷ 30.42 = 0.045 மீட்டர். இரண்டேகால் மீட்டருக்கு மேல் அகலமான ஆடிக்கு நடுவில் குழிவு நாலரை சென்டிமீட்டர்தான். 1:1 விகிதத்தில் வரைந்தால் தட்டு மாதிரி இருக்கும். புத்தகத்தில் கிண்ணம் போல ஆழமாக வரைந்த படத்தையே பார்த்த பிள்ளைகளுக்கு இதுவே முதல் அதிர்ச்சி.

வளைவின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். அதன் வழியே செங்குத்துக் கோடு, அதுதான் நட்சத்திர ஒளி. அந்தப் புள்ளியில் தொடுகோடு. செங்குத்துக் கோட்டைத் தொடுகோட்டைப் பற்றிப் பிரதிபலியுங்கள். (தொடுகோட்டுக்குச் செங்குத்தான கோட்டைப் பற்றித்தானே பிரதிபலிக்க வேண்டும் என்று தோன்றும். முழு நேர்கோடு என்பதால் இரண்டுக்கும் ஒரே கோடுதான் வரும்.) வந்த கோடு ஒய் அச்சை வெட்டும் புள்ளியைக் குறித்துவிட்டு, வளைவின் மேலுள்ள புள்ளியை விளிம்பிலிருந்து நடுவுக்கு இழுங்கள். வெட்டும் புள்ளி 7.605-ஐ விட்டு அசையாது. சரியாக நடுவில் மட்டும் மறைந்துவிடும். அங்கே பிரதிபலித்த கோடும் ஒய் அச்சும் ஒன்றாகிவிடுவதால் வெட்டும் இடம் என்று ஒன்று இல்லை.

அடுத்து அதே படத்தில் (0, 15.21) மையமாக, ஆரம் 15.21 என்று வட்டம் போடுங்கள். கோள ஆடி. நடுவில் இரண்டு வளைவும் ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்பிலும் இடைவெளி 0.07 மில்லிமீட்டருக்குள்தான், திரையில் மிக மிகப் பெரிதாக்கினால் தவிரக் கண்ணுக்குத் தெரியாது. இப்போது அதே பிரதிபலிப்பை வட்டத்துக்குச் செய்யுங்கள். நடுப்பக்கம் 7.605, விளிம்பில் 7.582. ஒளி 2.3 சென்டிமீட்டர் முன்னாலேயே கூடுகிறது. தலைமயிர் தடிமன் அளவு வடிவ வித்தியாசத்துக்குக் குவியம் விரல் அகலத்துக்கு நகர்கிறது.

இதைச் செய்யும் முன் அமைப்புகளில் முழுமையாக்கலை 5 தசம இடம் ஆக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு தசமத்தில் 7.61, 7.58 என்று மட்டும் காட்டி, நடுவில் எண் நின்று நின்று தாவும். அது மெல்ல நகர்வது தெரியாது.

---

மலையடிவாரக் கணக்கு (ஒடுகத்தூர் பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. கிளாசிக் 5 ஏற்றியாயிற்று, சைனும் சரியாகிவிட்டது. வட்டம் கணினியில் உருண்டை, சுவரில்தான் முட்டை, ஆக புரொஜெக்டர்தான் காரணம். வரைபடத்தாள் சார், நோட்டில் போட்ட பிறகுதான் திரை என்று வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. வேலூர்க் கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். அதற்கு முன் 9-ஆம் வகுப்பில் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கோட்டையின் பரப்பு காணச் சொல்லலாமா? ஜியோஜீப்ராவில் படத்தை ஏற்ற முடியும் என்றார்கள்.

---

பாலாற்று மணல்

நன்றாக வரும் டீச்சர். இணைய வரைபடத்தில் கோட்டையை நேர் மேலிருந்து பார்க்கும் பார்வையில் வையுங்கள். சாய்ந்த முப்பரிமாணப் பார்வை கூடாது. மூலையில் உள்ள அளவுக்கோட்டையும் சேர்த்துத் திரைப்பிடிப்பு எடுங்கள். அதை ஜியோஜீப்ராவில் படமாகச் செருகி, பண்புகளில் பின்னணிப் படம் என்பதைத் தேர்ந்து, நிலைப்படுத்திவிடுங்கள். படம் இரண்டு மூலைப் புள்ளிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றை யாராவது இழுத்தால் அளவு முழுக்க மாறிவிடும், அதனால் அந்தப் புள்ளிகளை நிலைப்படுத்தி மறைத்தும் விடுங்கள்.

அளவுக்கோட்டின் மேலேயே ஒரு கோட்டுத்துண்டு வரையுங்கள். 200 மீட்டர் என்று போட்ட கோடு 3.2 அலகு வந்தது என்று வைத்துக்கொண்டால் ஓர் அலகு 62.5 மீட்டர், ஒரு சதுர அலகு 3906.25 சதுர மீட்டர். இந்த இடத்தில் பிள்ளைகள் 62.5-ஆல் மட்டும் பெருக்கிவிட்டுப் போவார்கள், பிடித்து நிறுத்துங்கள். பலகோணக் கருவியால் விளிம்பைச் சுற்றி வந்தால் பரப்பு தானாக வரும். கொத்தளம் துருத்தும் இடங்களில் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். ஓர் ஏக்கர் 4047 சதுர மீட்டர். கோட்டை 133 ஏக்கர் என்று பொதுவாகச் சொல்வார்கள். மேலே சொன்ன அளவில் அதற்குப் பலகோணம் 138 சதுர அலகு பக்கம் வர வேண்டும். அகழியின் வெளிக்கரையைச் சுற்றி ஒன்று, மதிலைச் சுற்றி ஒன்று என்று இரண்டு பலகோணம் போடச் சொல்லி, எது 133-க்கு நெருக்கம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அளவுக்கோட்டின் மேல் துண்டு போடும்போது திரையைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். அங்கே 5 சதவீதம் குறைத்து அளந்தால் பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும், 133 ஏக்கர் 147 ஆகிவிடும். பத்துக் கணினியிலும் பத்து விடை வந்தால் முதலில் அந்தத் துண்டைத்தான் பாருங்கள். பலகோணத்தில் கை வைக்க வேண்டாம்.